ஆறடி அணைப்பு

"மேடம், கதைப்படி நீங்க அவரைக் கட்டிப்பிடிச்சே ஆகணும்," என்று கெஞ்சினார் மேலாளர்.

"முடியாது. ஆறடி தள்ளியே நிக்கச் சொல்லுங்க," என்றாள் கதாநாயகி, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டி.

"எட்டடின்னாலும் எனக்குச் சம்மதம்," என்றான் கதாநாயகன், மேடையின் மறுகோடியிலிருந்து.

மேலாளர் தலையைச் சொறிந்தார். பாதுகாப்புப் பொறுப்பேற்று இந்த நாடகக் குழுவுக்கு அவர் புதிதாக வந்து மூன்றே நாள்தான் ஆகிறது. தொற்றுக்குப் பயந்து எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அரங்கம். நான்கு மணிக்குச் சுகாதார அதிகாரி ஒத்திகையைப் பார்த்துத் தலையாட்டினால்தான் நாளை திரை விலகும். இல்லையென்றால் இருபது பேர் வீட்டு அடுப்பில் மறுபடி பூனை தூங்கும்.

முதலில் இருவருக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பை நிறுத்தினார். பிரிந்த காதலர்கள் சேரும் காட்சி, ஜெயிலில் மனுப் போட்டுப் பார்க்கும் காட்சியாகிவிட்டது. சரி, காதல் கடிதத்தையாவது கையில் கொடுக்கட்டும் என்று அதன் மேல் கிருமிநாசினி தெளித்தார். ஐந்து பக்கக் காதல் நீலத் தண்ணீராய் ஒழுகியது.

அடுத்து, இருவருக்கும் மழைக்கோட்டு, கையுறை, முகத்துக்குப் பிளாஸ்டிக் மறைப்பு.

"உயிரே!" என்று உருகினான் நாயகன்.

"தயிரா? அதான் காலைலயே தீந்துபோச்சே!"

மேலாளருக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி முயற்சியாக, இரண்டு ஒட்டடைக் கம்புகளின் நுனியில் கையுறைகளைக் கட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். "இதால தொட்டுக்குங்க, போதும்!"

நாயகி நீட்டிய கம்பு நாயகனின் காதைப் பதம் பார்த்தது. அவன் பதிலுக்கு அவள் கொண்டையில் ஒன்று வைத்தான். காதல் முற்றிக் கம்புச் சண்டையான நேரம் பார்த்து, அதிகாரி உள்ளே நுழைந்தார்.

"இதென்ன, போர் நாடகமா?"

"காதல் நாடகம் சார்..." மேலாளர் ஓடிப்போய்க் கம்புகளைப் பிடுங்கினார். "ஆறடி விதி இருக்கே, அதுக்காக..."

அதிகாரி கையிலிருந்த விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "அது வெளியாளுங்களுக்குய்யா. ஒரே வீட்ல இருக்கறவங்க தாராளமா கட்டிப்பிடிக்கலாம்."

"அப்படியொரு ஜோடிக்கு நான் எங்க சார் போவேன்? இவங்க ரெண்டு பேரும் தொற்றுன்னாலே நடுங்குறாங்க!"

ஓரத்தில் உட்கார்ந்து டோப்பாவுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒப்பனைக்கார அம்மா நிமிர்ந்தாள்.

"தொற்றாவது மண்ணாவது! அவங்க புருஷன் பொண்டாட்டி சார். பாத்திரம் யாரு கழுவுறதுன்னு மூணு நாளா வீட்ல சண்டை!"