வலது காலில் உங்கள் ஸ்கீ

மோன்டஃபோன், மேல்தெரு
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் கெப்ஹார்ட் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோட்புர்காவின் கணவன் வென்டெலின் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரி வால்புர்கா தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் கல்லறைச் சுவரோர வலைக்குள் நீங்கள் போய் விழுந்த வேகத்தைப் பார்த்தபின் இது வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதுவதல்ல. தோள்பட்டை எப்படி இருக்கிறது? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான். ஆனாலும் கடிதமாக எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். என் கல்யாண விருந்தில் நான் லத்தீனில் நன்றியுரை சொன்னபோது சிரித்தீர்களே, அதே சிரிப்பு. பத்தொன்பது வருஷமாகிறது. நான் மறக்கவில்லை.

கல்லறைக்கு மேலே இருக்கும் அந்த ஐஸ் வளைவில் மூன்று வருஷம் தொடர்ந்து நான் விழுந்தது ஊருக்கே தெரியும். நாலாவது தடவையும் விழுந்தால் அடுத்த வருஷத்திலிருந்து நான் விருந்தாளிகள் பிரிவில்தான் ஓட வேண்டும் என்று நம் கிளப் தலைவர் காசியன் சொல்லியிருந்தார். இந்த மலைச்சரிவில் பிறந்தவன், ஐம்பத்திரண்டு வயதில், வாடகை பூட்ஸ் போட்டு ஹோட்டலில் தங்க வந்தவர்களோடு வரிசையில் நிற்பதா? அதனால் போன புதன்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள் என்பதால், மதியமே நிலவறையில் இறங்கி ஸ்கீயை இடுக்கியில் மாட்டினேன். இடது ஸ்கீயின் எஃகு விளிம்பில் கறுப்பு மையைத் தடவி அரத்தை இழுத்தேன். சில இடத்தில் மை போயிற்று, சில இடத்தில் அப்படியே இருந்தது, நடுவில் ஒரு சாண் தூரத்துக்கு அரம் விளிம்பைத் தொடவே இல்லை. என் கைவேலை எப்போதும் அப்படித்தான், அதில் ஆச்சரியமில்லை. பிறகு வலது ஸ்கீயை மாட்டி அதே மாதிரி ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். மச்சான், நுனியிலிருந்து வால் வரைக்கும் மை ஒரே சீராக, நூல் பிடித்த மாதிரி, போய்விட்டது! விளிம்பின் கோணம் எண்பத்தேழு டிகிரி, எங்கேயும் ஒரு மயிரிழை பிசகவில்லை. பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவினேன், ஒன்றுமில்லை. கூர் பார்க்க நகத்தை விளிம்பின் குறுக்கே வைத்து இழுத்தேன், நகம் மாவு மாதிரி வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நுனியில் நாலு விரல் நீளத்துக்கு மட்டும், திரும்பும்போது பனியைக் கவ்விவிடாதபடி, கூர் மழுக்கப்பட்டிருந்தது. என்ன நிதானம், என்ன யோசனை! கண் கலங்கிவிட்டது. ஜனவரியில் நான்தான் தீட்டினேன், அப்போது என்னை அறியாமலே கை திருந்தியிருக்கிறது என்று நினைத்து நோட்புர்காவைக் கூப்பிட்டேன்.

"இங்க வந்து பாரு, நான் செஞ்சதைப் பாரு!"

"அழகாத்தான் இருக்கு. அப்ப இந்த இன்னொண்ண செஞ்சது யாரு?"

"அதுவும் நான்தான்."

"ஒரே ஆளா? காப்பி குடிச்சிட்டு ஒண்ணு, குடிக்காம ஒண்ணா?"

இதுதான் உங்கள் குடும்பம். மூன்று நாள் உட்கார்ந்து, வலது ஸ்கீயைக் குருவாக வைத்து, இடதை அரம், வைரக்கல், ரப்பர்க்கல் என்று தேய்த்தேன். பாதி தூரம்கூட எட்டவில்லை. அந்த வலது ஸ்கீயில் மட்டும் மறுபடி கைவைக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொடக்கக் கதவில் நிற்கிறேன், காசியன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "வாத்தியாரே, இந்த வருஷமும் கல்லறையோட சரியா, இல்ல கீழ வரைக்கும் வர உத்தேசமா?" என்று கேட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் கால் வழுக்கியது. ஆனால் கல்லறை வளைவு இடது பக்கம் திரும்புவது, அங்கே முழு பாரமும் வலது ஸ்கீயின் மேல். பாரத்தைக் கொடுத்தேன், விளிம்பு ஐஸைக் கடித்தது, தண்டவாளத்தில் போகிற மாதிரி கொண்டுபோய்க் கீழே விட்டது. ஊரே கை தட்டியது. எனக்கு அடுத்து வந்தது நீங்கள், பதினோரு வருஷச் சாம்பியன். அதே வளைவில் சரிந்து வலைக்குள் போய், பனி நிறைந்த வாயோடு, "எவன்டா என் வலது ஸ்கீய வெண்ணெய்க் கத்தியா மாத்துனது?" என்று கத்தினீர்கள். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அதிகமாகவே.

வீட்டுக்கு வந்து ஸ்கீயைத் துடைக்கும்போதுதான் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைக் கவனித்தேன். இடதில் ஒரு எண், வலதில் வேறு. போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சி முடிந்து எல்லாரும் மலைக்குடிசையில் சாப்பிடப் போனோமே, நினைவிருக்கிறதா? திருடன் ஒற்றை ஸ்கீயைத் தொடமாட்டான் என்று நம் ஊர் வழக்கப்படி நீங்களும் நானும் ஆளுக்கு ஒன்றைத் தாங்கியிலும் இன்னொன்றை விறகு அடுக்கின் ஓரத்திலும் வைத்தோம். கிளப் வாங்கித் தந்தது எல்லாம் ஒரே மாதிரி. நமக்கு பூட்ஸ் அளவும் ஒன்று, நாம் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான். வெளியே வந்தபோது பனி கொட்டியிருந்தது. விறகோரத்திலிருந்து உங்கள் வலதை நான் எடுத்தேன், என் வலதை நீங்கள் எடுத்தீர்கள்.

ஆகவே இதை எழுத வேண்டியிருக்கிறது. என் பெருமைக்குரிய அந்த விளிம்பு உங்களுடையது. உங்களைப் பற்றி எனக்கு ஆயிரம் மனத்தாங்கல் உண்டு, பனிவண்டியை இரவல் வாங்கிக் கயிறில்லாமல் திருப்பித் தந்தது உட்பட. ஆனால் அப்படி ஒரு விளிம்பை உருவாக்கும் கை கெட்ட மனிதனுடையதாக இருக்க முடியாது. அவ்வளவு பொறுமை, அவ்வளவு சுத்தம், யாரும் பார்க்காத இடத்திலும் அவ்வளவு நேர்மை. பத்தொன்பது வருஷமாக உங்களைத் தவறாக எடை போட்டிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். நாளை உங்கள் ஸ்கீயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருகிறேன். வெள்ளிக்கிழமை கிளப் கூட்டத்தில் நடந்ததை நானே எழுந்து சொல்லி, விருந்தாளிகள் பிரிவுக்குப் போகிறேன்.

உங்கள் தோள் சீக்கிரம் ஆறட்டும், வீட்டில் எல்லா நலமும் தங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையை வணங்கும்
வென்டெலின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் நோட்புர்கா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள், அசல் உங்கள் சிரிப்பு. "எங்கண்ணனா? அவன் கையால பென்சில்கூட சீவினதில்லயே! கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாம் வால்புர்கா அண்ணிதான். கொதிகலன் அறையில உக்காந்து ரேடியோ கேட்டுக்கிட்டே தீட்டுவா." எனவே மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். கை, பொறுமை, நேர்மை என்று வருகிற பகுதியைத் தங்கச்சிக்கு நீங்களே சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டவும். வெள்ளிக்கிழமை நான் வாய் திறக்கப் போவதில்லை. நாளை வலது ஸ்கீ வராது, என் இடது ஸ்கீதான் வரும். தங்கச்சியிடம் தீட்டி வாங்க ஏற்கெனவே ஆறு பேர் காத்திருக்கிறார்களாம். நான் சொந்தக்காரன் என்பதைத் தங்கச்சிக்கு ஞாபகப்படுத்துங்கள்.