பச்சை சோப்பும் பேசிக்கொண்ட கம்ப்யூட்டர்களும்

மாடியில் குடித்தனம். கீழே முன்பக்கம் மனைவியின் மளிகைக் கடை, பின்பக்கம் கணவரின் குடோன். சோப்பு, சீப்பு, பற்பசை என்று பல கடைகளுக்கும் மொத்தமாகச் சரக்குப் போடுகிறவர் அவர். அவருடைய மிகப் பெரிய வாடிக்கை மனைவிதான். அவரைப் படாத பாடு படுத்துகிற வாடிக்கையும் அந்த அம்மாள்தான். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று தினமும் சண்டை.

இப்போதைய தலைவலி பச்சை சோப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு லாரி நிறைய வாங்கிப் போட்டுவிட்டார். முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை. ஒரு கடைக்காரரும் தொடவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள் என்று தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். பாவம், மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது.

அப்போதுதான் அந்த விஷயம் காதில் விழுந்தது. கடையின் பில் மெஷினும் குடோன் கம்ப்யூட்டரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளுமாம். கடையில் சரக்குக் குறைந்தால் ஆர்டர் தானே வந்து விழுமாம். மனுஷர் துள்ளிக் குதித்தார். கூச்சல் கிடையாது, எழுத்து வேலை கிடையாது, சரக்கு மாறாது என்று சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து கை கழுவும்வரை மனைவியிடம் பிரசங்கம் செய்தார். ஆனால் உள்ளுக்குள் போட்ட திட்டம் வேறு. கடைக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான சாமானோடு பச்சை சோப்பையும் நைசாகச் சேர்த்துவிட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

"அப்ப என் கடையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அக்குவேறா ஆணிவேறா தெரியும்."

"சரி, போட்டுடுங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அதையாவது அவர் யோசித்திருக்கலாம். அவரோ வந்த வேகத்தில் குடோன் கம்ப்யூட்டரைச் சோப்புக் கம்பெனியோடும் கோத்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஏற்பாடு அருமையாக ஓடியது. பற்பசை தீருமுன் பற்பசை போனது. வீட்டில் சண்டை நின்றது. பச்சை சோப்புக்கும் ஆர்டர் வந்தது. அவர் நைசாகச் சேர்த்து வைத்த கணக்கைவிடப் பல மடங்காக வந்தது. திரையில் ஏதேதோ கேட்டு, 'ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று வரும். படிக்க யாருக்குப் பொறுமை? 'ஆம்', 'ஆம்' என்று அழுத்தித் தள்ளினார். சோப்பு மலை கரைந்தது. தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

அங்கே சலவைப் பவுடர் வாங்க ஒரே கூட்டம். ஒவ்வொரு பொட்டலத்தோடும் மனைவி ஒரு பச்சை சோப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காசு வாங்கவில்லை.

"ஏம்மா, சோப்பை ஏன் சும்மா தூக்கிக் கொடுக்கிற?"

"பவுடர் வாங்கினா சோப்பு இலவசம். செலவு குடோன்காரரோடது."

"எந்தக் குடோன்காரர்?"

"எனக்கு இருக்கிறது ஒருத்தர்தானே."

பிறகு நிதானமாக விளக்கினாள். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும்தான் பேசிக்கொள்ளும். குடோனில் இருக்கிற சோப்பு மலை முதல் நாளே அவள் திரையில் தெரிந்துவிட்டது. அன்றைக்கே இலவசத் திட்டத்தை அனுப்பினாள். அவரும் வருஷம் பூராவுக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நாற்றமாக இருந்தாலும் தரை கழுவ இதற்கு ஈடு கிடையாது என்று பெண்கள் தெருத் தெருவாக வருகிறார்களாம்.

ஆனாலும் அவர் விடவில்லை. கடைசியில் ஜெயித்தது நான்தான் என்று சிரித்தார்.

"வருஷம் பூரான்னு எழுதி வச்சுக்கோ. சோப்புதான் தீர்ந்துபோச்சே, இனிமே எங்கேருந்து கொடுப்ப?"

"தீர்ந்ததுமே உங்க கம்ப்யூட்டர் கம்பெனிகிட்டக் கேட்டுடுச்சுங்க. வாசல்ல லாரி நிக்குது, போய் இறக்குங்க."