புரட்டாசியில் ஒரு மடக்கு

கிளாஸை மூக்குக்குக் கீழே மூன்றாவது தடவையாகச் சுழற்றினார் தயாளன். வாயில் மட்டும் வைக்கவில்லை.

"வாசனை பிரமாதம் சார். பாஸ் பண்ணிடலாம்," என்றார்.

"மூக்குக்கா உங்களைக் கூப்பிட்டேன்? குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க," என்றார் முதலாளி ஜெபராஜ்.

கேளம்பாக்கம் பக்கத்தில் ஜெபராஜ் நடத்தும் சின்ன பீர் ஆலை அது. ஜெர்மனியில் அக்டோபர் திருவிழாவுக்கென்றே தயாராகும் பீரை, அதே பக்குவத்தில் அங்கே காய்ச்சியிருந்தாள் கெசியா. வேலைக்குச் சேர்ந்து அவள் செய்யும் முதல் சரக்கு. இது தேறாவிட்டால் வேலையும் இல்லை. காய்ச்சியவர் அறையில் இருக்கக்கூடாது என்பதால், வெளியே வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். தீர்ப்புச் சொல்ல மூன்று பேர்: ஜெபராஜ், மேனேஜர் ஆஸ்டின், இருபது வருடமாகப் பீர் ருசி பார்த்தே பிழைக்கும் தயாளன்.

ஜெர்மனிக்காரனுக்கு ஒன்று தெரியாது. அவனுடைய திருவிழா வருவது சரியாக நம் புரட்டாசியில். மனைவி கீதாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், புரட்டாசி முழுக்க ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார் தயாளன். பெருமாள் தன் பங்கைச் செய்துவிட்டார். இதை ஜெபராஜிடம் சொல்லியிருக்கலாம். ஆனால், 'விரதம் இருக்கிற பீர் நிபுணர்' என்று ஆஸ்டின் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே! வீண் கூச்சம் வாயை அடைத்துவிட்டது.

"பல் வலி சார். சில்லுனு பட்டா உயிர் போகுது."

"அதுக்கென்ன?" ஆஸ்டின் எழுந்துபோய் ஒரு ஸ்ட்ரா கொண்டுவந்தான். "பல்லுல படாம உறிஞ்சுங்க."

இனி மறுக்க முடியாது. வாயில் வாங்கி, வாஷ் பேசினில் துப்பிவிடலாம். தொண்டைக்குக் கீழே இறங்கினால்தானே பாவம்? இப்படித் தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார். கன்னம் உப்ப எழுந்தார்.

ஜெபராஜ் தோளில் கை போட்டு நிறுத்தினார். "எங்க போறீங்க? எப்படியிருக்கு?"

"ம்ம்."

"ம்ம்னா? அந்தப் பொண்ணு பொழப்பே இதுல இருக்கு. வாயைத் திறந்து சொல்லுங்க தயாளன்!"

மடக்கென்று உள்ளே போய்விட்டது.

தயாளனுக்கு அழுகை முட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கீதா படுத்திருந்தது கண்முன் வந்தது. அவளுக்காக அவர் செய்த ஒரே காரியம், அதுவும் போயிற்று. விரதம்தான் கெட்டது, நாக்காவது பொய் சொல்லாமல் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கெசியா நல்ல பெண், நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாக்கில் நின்றது வெறும் தித்திப்பு.

"சார், இது புளிக்கவே இல்லை. இன்னும் பீரே ஆகலை."

ஜெபராஜ் தன் காலி கிளாஸைப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தானே இருந்தது?"

"எனக்கும்..." என்று ஆரம்பித்த ஆஸ்டின், நிபுணரின் முகத்தைப் பார்த்ததும் இழுத்தான். "முதல்ல நல்லாயிருந்தது சார். இப்ப யோசிச்சா, ஏதோ தித்திக்குது."

"ஆமா, லேசா தித்திப்பு இருக்கு," என்று ஜெபராஜும் ஒத்துக்கொண்டார். "நல்லவேளை, நீங்க இருந்தீங்க. வா ஆஸ்டின், டேங்க்கைத் திறந்து எல்லாத்தையும் சாக்கடையில விட்டுட்டு அந்தப் பொண்ணுக்கும் சொல்லிடலாம்."

இருவரும் போனார்கள். முதலில் பீர் கிளாஸ்களை ட்ரேயில் கொண்டுவந்து வைத்த ஆலை ஆயா அங்காளம்மாள், அவற்றை எடுக்க உள்ளே வந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது தயாளனுக்கு.

"புரட்டாசில பீர் குடிச்சிட்டேம்மா. பெருமாளுக்குக் குடுத்த வாக்கு போச்சு."

"ஐய, இன்னா சார் நீங்க, உங்க கிளாஸ்ல பீரே இல்லியே! கேன்டீன்ல மீன் கொழம்ப நீங்க ஒதுக்கறதப் பாத்து, விரதம்னு கண்டுகினு, ஈஸ்ட் போடாத பார்லித் தண்ணில சோடா கலந்து உங்களுக்கு மட்டும் தனியா ஊத்துனதே கெசியா பாப்பாதான். நான்கூடக் கேட்டேன். 'மத்த ரெண்டு பேரு குடிச்சுப் பாத்து நாயமா சொல்லுவாங்கக்கா'ன்னு சொல்லுச்சு."