அதிகம் பேசமாட்டேன்

போர்வைக்குள் மூச்சு முட்டியது. மத்தியான வெயிலில், கல்லூரி விடுதிக் கட்டிலில் தலையோடு கால் இழுத்து மூடிக்கொண்டு, ரேடியோ என்று பட்டப்பேர் வாங்கியவள் தன் அம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இப்படிக் குசுகுசுன்னு பேசறே?"

"ரூம்மேட் குளிக்கப் போயிருக்காம்மா. நான் பேசறது தெரிஞ்சா அவ்வளவுதான்."

"பேசறது என்ன திருட்டா?"

இவளைப் பொறுத்தவரை திருட்டுதான். அந்த விடுதியில் முதலாண்டுப் பெண்கள் தங்களைப் பற்றி ஓர் அட்டையில் எழுதி, பேர் போடாமல் பலகையில் குத்திவைக்க வேண்டும். பிடித்த அட்டையை எடுத்துப்போய் வார்டனிடம் கொடுத்தால், அதை எழுதியவளோடு ஒரே அறை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமும் இவள் பக்கத்தில் ஒருத்தியும் ஒரு மாசம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. ரேடியோ என்று பேர் வைத்ததே சொந்த அண்ணன்தான். இங்கேயாவது ஒரு சிநேகிதி தங்கட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வரி எழுதினாள்: 'அதிகம் பேசமாட்டேன்.'

பத்தே நிமிஷத்தில் அட்டையை எடுத்துவிட்டாள் ஒருத்தி. இப்போது ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. மூன்று வாரத்தில் அவள் பேசியது, "ஃபேன் போடவா?", "கதவைச் சாத்தவா?" இவ்வளவுதான். ரேடியோ தலையாட்டியே கழுத்து சுளுக்கிக்கொண்டாள்.

வாய் சும்மா இருக்குமா? துணி துவைக்கிற இடத்துக்குப் போய்ப் பேசித் தீர்த்தாள். ஒருநாள் வாளியும் கையுமாக ஜன்னல்காரியே வந்து நிற்க, பாதி வாக்கியத்தை விழுங்கி இருமினாள். மறுநாள் தலையணைமேல் இருமல் மருந்து இருந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் போர்வை ஏற்பாடு.

"உங்கப்பா இன்னிக்கு என்ன பண்ணினார் தெரியுமா? ஒரு கால்ல என் செருப்பு, ஒரு கால்ல அவர் செருப்பு. ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டார்."

ரேடியோ தலையணை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அம்மா... ஐயோ அம்மா..."

யாரோ போர்வையை விலக்கினார்கள். போன் முதுகுக்கடியில் போனது.

ஜன்னல்காரி ஈரத்துண்டால் அவள் கண்ணைத் துடைத்தாள். "அழணும்னா அழு. எங்கிட்ட மறைக்காதே."

சிரித்தேன் என்று சொன்னால் போனில் பேசியது வெளிவரும், அட்டை பொய்யாகும். வேறு வழியில்லாமல் ரேடியோ அழுதாள்.

அன்றிலிருந்து ஜன்னல்காரி ஆளே மாறிப்போனாள். தலை பின்னிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் இடம் பிடித்து வைத்தாள். ரேடியோவுக்கு அதுவரை யாரும் இடம் பிடித்து வைத்ததில்லை.

பொய்யை இரண்டு வாரத்துக்குமேல் தாங்க முடியவில்லை. தலை பின்னிக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"நான் நிறையப் பேசுவேன். அட்டையில எழுதினது பொய். அன்னிக்கு நான் அழவேயில்லை. எங்கம்மா போன்ல சொன்னதுக்குச் சிரிச்சேன். தினமும் பேசுவோம்."

"தினமுமா?"

"தினமும். ஒரு மணி நேரம்."

ஜன்னல்காரி சீப்பைக் கீழே வைத்தாள். பின்னல் பாதியில் நின்றது.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தால், ஜன்னலோரக் கட்டிலில் படுக்கையைக் காணோம். ரேடியோ வார்டன் அறைக்கு ஓடினாள்.

"அவளைத் திரும்பி வரச் சொல்லுங்க மேடம். இனிமே வாயே திறக்கமாட்டேன். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"நீ பேசறேன்னு அவ ஒண்ணும் குறை சொல்லலையே. தனி ரூம் கேட்டா, குடுத்தேன்."

"என்மேல கோவம் மேடம் அவளுக்கு."

படுக்கையைச் சுமந்துபோய்ப் போட்டுவிட்டு வந்த ஆயாம்மா, மூலையில் பெருக்கிக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்:

"கோவமெல்லாம் இல்லம்மா. அந்தப் பொண்ணோட அம்மா போய் மூணு மாசந்தான் ஆகுது. உனக்கும் அம்மா இல்லைன்னு நெனச்சுட்டு இருந்துச்சாம்."