குறட்டைக்கு ஒரு பட்டை

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கறேன்" என்று மனைவி சொன்னபோது, பட்டையார் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றிருந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். நுரை சட்டையில் விழுந்தது.

மரப்பட்டை ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருட வேலை அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தது. எந்த வியாதிக்கும் ஏதாவது ஒரு மரத்தின் பட்டையில் மருந்து இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. பாட்டில் மூடுகிற தக்கைகூட ஒரு மரத்தின் பட்டைதான் என்பதை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு யாராயிருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குத் தன் குறட்டைக்கு மட்டும் மருந்து தெரியவில்லை. அவர் மூச்சு விட்டால் அலமாரிக் கதவு அதிரும். பத்தொன்பது வருடம் பொறுத்த மனைவிக்கு இப்போது கண்ணுக்குக் கீழே கருவளையம்.

முன்பு ஒருமுறை அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் இரண்டு நாள் போயிருந்தாள். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது. தூங்காததால் குறட்டையும் வரவில்லை. ஆனால் அதைப் பாராட்ட வீட்டில் ஆள் இல்லை.

எனவே திங்கட்கிழமையே வேலையில் இறங்கினார். ஒரு பட்டையை இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, விரல் நீளக் குப்பிகளில் ஊற்றி, சுண்டுவிரல் நுனியளவு தக்கையால் மூடி, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடித்ததும் நாக்கு செங்கல் நிறமானது.

"எப்படி இருந்துது?" என்று காலையில் கேட்டார்.

"முன்னைவிட ஜோரா இருந்துது" என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை வேறொரு பட்டை. அது வயிற்றைக் கலக்கியது. புதன்கிழமை இரண்டையும் கலந்து குடித்தார். விக்கல் பிடித்துக்கொண்டது.

"குறட்டை மட்டும் இருந்துது. இப்போ தாளமும் சேர்ந்துடுச்சு."

வியாழக்கிழமை நான்கு பட்டைகளைக் கலந்தார். கஷாயம் தார் மாதிரி ஒழுகியது. மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினார். கண்ணில் நீர் கொட்டியது. சமையலறை வாசலில் நின்ற மனைவி, காலிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

மறுநாள் காலை ஏழு மணியாகியும் அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டார். அசையவில்லை. தோளைத் தொட்டதும் எழுந்து, முடியைக் கோதிக் காதுப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தூங்கினியா?"

அவள் அவர் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "கல்லு மாதிரி தூங்கினேன். சத்தமே கேக்கலை. இதோட நிறுத்துங்க, அளவைக் கூட்டாதீங்க."

பட்டையாருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போய், நேராக இயக்குநரின் அறைக்குள் நுழைந்தார். இயக்குநர் கதவைச் சாத்தினார். "என் வீட்டம்மா மூணு மாசமா ஹால்ல படுக்கறாய்யா. எனக்கும் நாலு குப்பி குடு" என்றார்.

திங்கட்கிழமை இயக்குநர் நாக்கை நீட்டிக் காட்டினார். அதுவும் செங்கல். குறட்டை மட்டும் குறையவில்லையாம். பட்டையார் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அவர் வீட்டு மேடம் நம்பரைக் குடுங்க. எப்படிக் குடுக்கணும்னு நான் பக்குவம் சொல்றேன்" என்றாள் மனைவி.

அடுத்த நாளே இயக்குநர் வீட்டம்மா படுக்கையறைக்குத் திரும்பிவிட்டார். பிறகு டிரைவர், நூலகர் என்று ஒவ்வொருவராகக் குப்பி வாங்கிப்போனார்கள். முதல் நாள் யாருக்கும் பலிக்கவில்லை. மனைவி அந்தந்த வீட்டம்மாவிடம் பேசிய மறுநாள் எல்லோருக்கும் பலித்தது. தன் மருந்துக்கு இத்தனை கைராசிக்காரி வீட்டிலேயே இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று பட்டையார் பூரித்தார்.

ஆய்வகத்தில் குப்பி கழுவும் குப்பியம்மாதான் பூரிக்கவில்லை.

"சார், வீட்டுக்குப் போற குப்பி திரும்பி வருது. தக்கை வர மாட்டேங்குது."

"எலி இழுத்திருக்கும். தக்கையும் மரப்பட்டைதான், மரியாதையாத் தேடுங்க."

"அதைச் சொல்லாதீங்க சார். பதினாலு தக்கை காணோம். டைரக்டர் ஐயா என்னைத்தான் சந்தேகமாப் பாக்கறாரு."

பட்டையார் எலிப்பொறி வைத்தார். இயக்குநரின் கால் கட்டைவிரல் மாட்டியது. தக்கைக்குப் பதில் பஞ்சு அடைத்தார். கஷாயம் கசிந்து மூன்று வருட ஆய்வுக் குறிப்புகள் ஒரே நிறமாயின. இயக்குநரைச் சமாதானப்படுத்த, இந்த மருந்தை உலகமே கொண்டாடப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். இயக்குநர் உடனே மூன்று நிபுணர்களை வரவழைத்துவிட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் எல்லார் முன்னாலயும் குடிச்சிட்டுத் தூங்கிக் காட்டு."

"பக்கத்துல என் மனைவி இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது சார்" என்று பட்டையார் தப்பிக்கப் பார்த்தார்.

"கூட்டிக்கிட்டு வா. என் வீட்டம்மாவும் வருவா. ரெண்டு சாட்சி ஆச்சு."

சனிக்கிழமை கூட்ட அறையில் சோபா போட்டார்கள். நிபுணர்கள் பேனாவைத் திறந்தார்கள். மனைவியும் இயக்குநர் வீட்டம்மாவும் ஆளுக்கொரு பத்திரிகையோடு அருகில் உட்கார்ந்தார்கள். பட்டையார் குப்பியைக் காலி செய்து படுத்தார். மனைவியின் புடவை நுனி கையில் பட்டது. அவ்வளவுதான், தூங்கிப்போனார்.

அவரை எழுப்பியது அவருடைய குறட்டையேதான்.

கண் திறந்தார். காகிதங்கள் தரையில் கிடந்தன. மேசை விளிம்புக்கு நகர்ந்துவந்திருந்த தண்ணீர் டம்ளரை ஒரு நிபுணர் பிடித்துக்கொண்டிருந்தார். "இது ஆராய்ச்சி நிலையமா, மரம் அறுக்கற மில்லா?" என்று கேட்டார் இன்னொருவர்.

இயக்குநரின் முகம் அவர் நாக்கின் நிறத்துக்கு வந்திருந்தது. சாட்சிகளிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா, இதுதான் குறைஞ்ச குறட்டையா?"

இரண்டு பெண்மணிகளும் தலை நிமிரவில்லை. நிம்மதியாக ஆளுக்கொரு பக்கம் புரட்டினார்கள். இயக்குநர் தன் வீட்டம்மாவைக் கத்திக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கொட்டாவி விட்டார்.

பட்டையார் எழுந்து உட்கார்ந்தார். மருந்து பொய், இருபத்திரண்டு வருடப் பெயர் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. இன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு இவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்.

காலிக் குப்பியை எடுக்க வந்த குப்பியம்மா, அவர் மனைவியின் அருகில் வந்ததும் நின்றாள். குனிந்து பார்த்தாள். காதோர முடியை மெல்ல ஒதுக்கினாள். பிறகு அந்தப் பக்கம் போய் இயக்குநர் வீட்டம்மாவின் காதையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கவலைப்படாதீங்க சார், மரப்பட்டை நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க குடிச்ச பட்டை இல்லை, அம்மாங்க காதுல இருக்கற என் தக்கை."