கோட்டைக்குள் நின்ற தகரச் சேர்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. (குடியிருக்கும் ரொறன்ரோவிலேயே இரண்டும் வருகிறது. நான் என்ன செய்ய?)

நான் பெரிய கூச்சக்காரன். பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். அப்படிப்பட்டவன் சொந்த மகளுக்கும் கூச்சப்பட்டதில் புதுமையில்லை.

1993 மாரியில் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது தவழ்ந்த பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. விமான நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டுத் தாயைக் கேட்டாள்: "அம்மா, இந்த அங்கிள் ஆர்?"

அதன்பிறகு அங்கிளும் இல்லை, அப்பாவும் இல்லை. "சாப்பிட வரட்டாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவர் எழும்புவதற்கு முன் நான் எழுந்து போவேன்.

அவள் வாயால் ஒருதரம் 'அப்பா' கேட்க வேண்டும். அதிசயம் ஒன்றைக் காட்டி அவளை மயக்க நான் கண்டுபிடித்த வழிதான் கோட்டை. உணவகத்தில் என்னோடு கோப்பை கழுவிய யோகண்ணை, நகரத்துக்குள் மேட்டில் ஒரு கோட்டை இருப்பதாகச் சொல்லி, அதன் சரித்திரத்தையும் சொல்லித் தந்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கோட்டை பாக்கப் போவம்" என்றேன்.

மகள் தாயின் பின்னால் ஒளிந்தாள். "கோட்டையிலை இருந்து ஆமி செல் அடிப்பாங்கள் அம்மா." (யாழ்ப்பாணக் கோட்டையில் ராணுவம் இருந்த காலத்தில் அங்கிருந்துதான் குண்டுகள் வந்து விழும்.)

"உங்களுக்கு விசரே? கோட்டைப் பக்கம் போகக்கூடாதெண்டு சொல்லித்தானே பிள்ளையை வளத்தனான்!" என்றாள் மனைவி.

"உது வேறை கோட்டை. ராசா இருந்தது."

வழி முழுக்கச் சரித்திரம் சொன்னேன். ஐந்நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து ராசா குதிரையில் வந்து கட்டியது. (கடலில் குதிரை எப்படி வந்தது என்று யோகண்ணை சொல்லவில்லை.) மகள் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நுழைந்ததும் சூட்டில் என் கண்ணாடியில் ஆவி படிந்து புகார் பிடித்துக்கொண்டது. அரை இருட்டில் ஒருவர் நின்றார். நெடிய உருவம். இரும்புத் தொப்பி. முகம் தெரியவில்லை, கையில் ஈட்டி தெரிந்தது.

என் ஒரு கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. மற்றக் கை உள் பையிலிருந்து அகதிக் கடிதத்தை எடுத்து நீட்டியது. தலையைக் குனிந்து நின்றேன். அவர் வாங்கவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீசில் "சேர்" என்றேன். பேச்சில்லை. "சேர், பமிலி" என்று பின்னால் காட்டினேன். அதற்கும் பேச்சில்லை. எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் நின்றார்கள். (இந்த நாட்டில் ஒருவன் நின்றால் போதும், வரிசை வந்துவிடும்.)

அப்போது குளிர்ந்த சின்னக் கை ஒன்று என் கையைப் பிடித்தது. மகள். மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தாள்.

"அப்பா, உவர் எங்களை விடுவாரோ?"

காத்திருந்த சொல் வந்துவிட்டது. அது இந்தக் கேள்வியோடு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மனைவிதான் கிட்டப் போய்ப் பார்த்து, அவர் நெஞ்சில் விரலால் தட்டினாள். டங்.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கை ஆளில்லை. வெறும் தகரம்!"

அந்தக் காலத்துப் போர்வீரர்கள் போட்ட இரும்புச் சட்டையாம். வரிசை முழுக்கச் சிரித்தது. மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் வெளியே வரும்வரை கடிதத்தைப் பைக்குள் வைக்கவில்லை.

பிறகு மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து என் சரித்திரத்தையும் உடைத்தாள். ராசாவும் இல்லை, குதிரையும் இல்லை. எண்பது வருடத்துக்கு முன் ஒரு பணக்கார வியாபாரி, ஐரோப்பாவின் பழங்காலக் கோட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டினாராம். கொஞ்சக் காலத்தில் நொடித்துப்போய் விட்டுவிட்டுப் போனாராம்.

"கட்டின வீட்டிலை இருக்கக் குடுத்துவைக்கேல்லை. அப்ப அவரும் எங்கட ஆள்தான்" என்றாள் மனைவி.

இப்போதும் நான் எந்த அரசாங்கக் கந்தோருக்கு அலுவலாகப் போய் வந்தாலும் மகள் வாசலில் நின்று கேட்பாள்: "அப்பா, தகரச் சேர் விட்டவரோ?" போன கிழமை குடியுரிமை கிடைத்து வந்தபோதும் அதுதான் கேள்வி.

"ஓம், விட்டவர்" என்றேன்.

வீடே சிரித்தது. ஆனால் தெருவில் பொலிஸைக் கண்டால் இன்னமும் அவள் கை என் கையைத் தேடி வருகிறது. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பகிடி விடுவதில்லை.

ஸ்காபரோ, 1998 மார்கழி 14.