உடும்பின் கடையில் ஆடாத ஸ்டாண்ட்

ஒரு காட்டில் ஓர் ஓணான் மாலை கோத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். விற்றவன் சிரித்து, வாங்கியவன் விழிக்கிற காடு எதுவாக இருந்தாலும் அதுதான்.

புளியங்கொட்டையில் ஓட்டை போட்டு, நாரில் கோத்து விற்கும். அதற்கென்று ஒரு மினி டிரில் வைத்திருந்தது. பொழுதுபோக்குக்கு வாங்கியது, அப்புறம் அதுவே பிழைப்பாகிவிட்டது. கோளாறு டிரில்லில் இல்லை, தலையில். ஓணானுக்குத் தலை ஆடிக்கொண்டே இருக்கும். தலை ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் கை ஆடும். கொட்டையின் நெற்றியில் வைத்த ஓட்டை விலாவில் வெளியே வரும்.

அந்த வருடம் காட்டுச் சந்தையில் மணிமாலைக்கு ஒரே ஒரு கடைதான் என்று யானை அதிகாரி அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு மாலை கொண்டுவர வேண்டும். யாருடைய ஓட்டை நேராக இருக்கிறதோ அவருக்குக் கடை. மற்றவர் ஒரு வருடம் முழுக்கப் பட்டினி கிடக்கலாம். அதற்கு அனுமதி தேவையில்லை. போட்டிக்கு இருந்தது மரங்கொத்தி மட்டும். அதற்கு மிஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அலகால் நாலு தட்டு தட்டினால், ஓட்டை நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

ஓணான் யோசித்தது. டிரில்லை மாட்டிக் கைப்பிடியை அழுத்தினால் நேராக இறங்குகிற ஸ்டாண்ட் ஒன்று வாங்கிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓணானால் விலை பேச முடியாது. என்ன விலை சொன்னாலும் தலை ஆடும், கடைக்காரன் பில் போட்டுவிடுவான். அதனால் கீரியைத் துணைக்கு அழைத்தது. விலை பேசக் கூப்பிட்டால், பாதிச் சண்டையில் பாம்பை அப்படியே விட்டுவிட்டு வருகிற ரகம் கீரி.

உடும்பின் கடையில் இரண்டு ஸ்டாண்ட் இருந்தன. ஒன்று கனத்த இரும்பு, இரண்டாயிரத்து நானூறு. அதன் பக்கம் கீரி திரும்பவே இல்லை. இன்னொன்று தகடு. பச்சைப் பெயின்ட் பளபளத்தது.

"இது என்ன விலை?"

"ஆயிரத்து இருநூறுதான்க்கா."

ஓணானின் தலை ஆடத் தொடங்கியது. கீரி சட்டென்று அதன் தலையில் துணிப்பையைக் கவிழ்த்தது.

"ஆயிரத்து இருநூறா? டிரில்லும் சேர்த்தா?"

"ஸ்டாண்ட் மட்டும்தான்க்கா."

"அப்ப முந்நூறு."

"அக்கா, பெயின்டு காசுகூடத் தேறாது!"

"பெயின்டைச் சுரண்டி நீயே வச்சுக்கோ. எனக்குத் தகடு போதும்."

பைக்குள்ளிருந்து ஓணான் மெல்லக் கேட்டது: "அக்கா, என் டிரில்லை ஒரு தடவை மாட்டிப் பார்த்துடலாமா?"

"மடையா," என்று கீரி பல்லைக் கடித்தது. "மாட்டிப் பார்த்தா நமக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சுபோகும். விலை ஏறிடும். வேண்டாத சாமான் மாதிரி வேற பக்கம் பாரு."

"ஆட்டிப் பாருங்கக்கா. ஆடினா காசே வேண்டாம்," என்றது உடும்பு.

கீரி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டியது. ஸ்டாண்ட் அசையவில்லை. ஓணான் பையின் ஓட்டை வழியே பார்த்தது. உடும்பு, சும்மா ஓய்வுக்கு வைத்த மாதிரி, அடித்தட்டின்மேல் ஒரு கையை வைத்திருந்தது. உடும்பு பிடித்தால் மலையே அசையாது, தகடா அசையும்?

"அக்கா, அவரோட கை..."

"வாயை மூடுடா. விலை இறங்குற நேரம்."

கீரி இரண்டு தடவை கடையை விட்டு இறங்கிப் போகிற மாதிரி போய், திரும்பி வந்தது. நானூற்றைம்பதுக்கு முடிந்தது. கொசுறாக நாலு டிரில் பிட்டும் பிடுங்கியது. வழியெல்லாம் அதே பெருமைதான்.

வீட்டில் ஓணான் டிரில்லை ஸ்டாண்டின் வளையத்தில் மாட்டியது. டிரில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் தரையில் விழுந்தது. வெள்ளரிப்பிஞ்சு மாதிரி டிரில்லுக்குப் பூசணிக்காய் அளவில் வளையம். தேங்காய் நாரைத் திணித்து இறுக்கிக் கைப்பிடியை அழுத்தினால், இந்தப் பக்கம் ஓணான் ஆடியது, அந்தப் பக்கம் ஸ்டாண்ட் ஆடியது. நடுவில் கொட்டை தப்பித்து ஓடியது.

வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனார்கள். டோக்கன் நாற்பத்தொன்று. முன்னால் நின்ற நாற்பது பேர் கையிலும் பச்சை ஸ்டாண்ட். ஒரு படிவம் கொடுத்தார்கள்: 'பொருள் ஆடுகிறதா? எப்போதிலிருந்து? குடும்பத்தில் வேறு யாருக்காவது ஆட்டம் உண்டா?' ஓணான் நேர்மையாக நிரப்பியது. அதுதான் தப்பு.

உடும்பு ஸ்டாண்டை மேஜையில் வைத்தது, கையை ஓய்வுக்கு வைத்தது, ஆட்டிக் காட்டியது. அசையவில்லை. 'ஆட்டம் இல்லை' என்று முத்திரை குத்தியது.

"ஸ்டாண்ட் ஆடல தம்பி. ஆடுறது நீங்க."

"கையை எடுய்யா!" என்று கீரி பாய்ந்தது.

"கையை எடுத்தா கேரண்டி கிடையாதுக்கா. அடுத்த டோக்கன்!"

திரும்பும் வழியில் ஓணான் அழுதது. "நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கா. என் கடை போச்சு."

கீரி ஸ்டாண்டைத் தோள் மாற்றிப் போட்டது. முகம் செத்துப்போயிருந்தது. அப்போது ஒரு வேப்பங்கிளையில் உட்கார்ந்து மரங்கொத்தி கழுத்தை நீவிக்கொண்டிருந்தது.

"என்ன மரங்கொத்தியாரே, கழுத்து வலியா?"

"காலைலேருந்து எழுபது கொட்டைம்மா, அத்தனையும் வித்துப்போச்சு. நாளைய போட்டி மாலைக்கு இனிமேதான் கொத்தணும். கழுத்து இருக்கா, கழண்டுருச்சான்னே தெரியல."

கீரி அந்தக் கழுத்தைப் பார்த்தது. நார் திணித்த வளையத்தைப் பார்த்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"இந்தக் காலத்துல யாருங்க கழுத்தால வேலை பார்ப்பா? இதுல தலையை விடுங்க. கைப்பிடியை அழுத்துங்க. கொத்துறது மிஷினு, பேரு உங்களுக்கு."

"ஆடுமா?"

"ஆட்டிப் பாருங்க. ஆடினா காசு வேண்டாம்." கீரியின் கை, சும்மா ஓய்வுக்கு, அடித்தட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

ஆயிரத்து இருநூறில் தொடங்கி, மரங்கொத்தி வாதாடி அறுநூறுக்குக் கொண்டுவந்தது. கொசுறும் கேட்டது. கீரி நாலு பிட்டையும் கொடுத்தது. அலகு இருக்கிறவனுக்கு டிரில் பிட் எதற்கு? கொசுறு என்றால் யாரும் அதைக் கேட்பதில்லை.

"அக்கா, இது பாவமில்லையா?" என்றது ஓணான்.

"பாவம்தான்டா. உடும்புகிட்ட இருந்துச்சு, நம்மகிட்ட வந்துச்சு, இப்ப அங்க போயிருக்கு. நம்ம கையில தங்கலை பாரு, அதுக்குச் சந்தோஷப்படு."

அன்று சாயங்காலம் ஓணான் டிரில்லை ஒரு மரக்கவட்டையில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கொட்டையை அதனிடம் கொண்டுபோய் அழுத்தியது. பாதி தேறியது. மீதி பழைய கோணல்தான்.

வெள்ளிக்கிழமை யானை அதிகாரி முதலில் மரங்கொத்தியின் மாலையைத் தூக்கினார். ஒரு கொட்டையில் ஓட்டை காதோரம். இன்னொன்றில் முதுகில். மூன்றாவதில் ஓட்டை உள்ளே போயிருந்தது, வெளியே வரவில்லை. மரங்கொத்தியின் கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"இதுவரைக்கும் நல்லாத்தானே செஞ்சீங்க? என்ன ஆச்சு?"

"மிஷினுக்கு மாறிட்டேங்கய்யா," என்றது மரங்கொத்தி.

யானை ஓணானின் மாலையைத் தூக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் கோணல்தான்," என்றார். பிறகு இரண்டு மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். "ஆனா அதோட சேர்த்து வச்சுப் பார்த்தா, நூல் பிடிச்ச மாதிரில்ல இருக்கு!"

கடையை ஓணான் பேரில் எழுதி, முத்திரை குத்திவிட்டார்.

நீதி: ஆடாத ஸ்டாண்டைத் தேடிக் கடை கடையாக அலையாதே. ஆடுகிற ஸ்டாண்டைப் போட்டிக்காரன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர். உன் ஓட்டை தானாக நேராகிவிடும்.